மூன்று நாள் விருந்தாளிகள்

1964 செப்டம்பர் 10. ஜெர்மனியின் கொலோன் நகரில் டாய்ட்ஸ் ரயில் நிலையம். ஸ்பெயினிலிருந்தும் போர்ச்சுகலிலிருந்தும் ஆள் ஏற்றிவந்த சிறப்பு ரயில் அப்போதுதான் வந்து நின்றிருந்தது. ஒலிபெருக்கியில் ஒரு பெயரைக் கூப்பிட்டார்கள்: அர்மாண்டோ ரோட்ரிகஸ் டி சா. போர்ச்சுகல் கிராமம் ஒன்றிலிருந்து வந்த 38 வயதுத் தச்சர். பெயரைக் கேட்டதும் அவருக்குப் பகீரென்றது. காகிதத்தில் ஏதோ குறை, வந்த ரயிலிலேயே திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

நடந்தது வேறு. பேண்டு வாத்தியம் முழங்கியது. கையில் பூங்கொத்தைக் கொடுத்தார்கள். புத்தம் புதிய சுண்டாப் மொபெட் ஒன்றைப் பரிசாக நிறுத்தினார்கள். ஜெர்மனிக்கு வந்த பத்து லட்சமாவது விருந்தாளித் தொழிலாளி அவர்தானாம். பட்டியலில் குத்துமதிப்பாகத் தொட்ட பெயர். தொப்பியும் கசங்கிய சட்டையுமாக, மொபெட்டின்மேல் என்ன செய்வதென்று தெரியாமல் அவர் உட்கார்ந்திருக்கும் புகைப்படம் இன்று ஜெர்மன் பாடப் புத்தகங்களில் இருக்கிறது. மொபெட் பான் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ரோட்ரிகஸின் மீதிக் கதை பாடப் புத்தகத்துக்குச் சரிவராது. சில ஆண்டுகள் உழைத்தார், உடம்புக்கு முடியாமல் போனது, ஊருக்குத் திரும்பினார், புற்றுநோய் என்றார்கள். ஜெர்மனியில் சேர்த்த பணம் முழுக்க வைத்தியத்துக்குப் போனது. ஜெர்மன் மருத்துவக் காப்பீட்டில் தனக்குப் பங்கு உண்டு என்பது அவருக்குத் தெரியாது. சொல்லவும் ஆள் இல்லை. 1979-ல் இறந்துபோனார். பேண்டு வாசித்து வரவேற்ற நாட்டுக்கு, அவரிடம் அந்த ஒரு வரியைச் சொல்லத் தோன்றவில்லை.

புலம்பெயர்ந்த ஒருவர் போன இடத்தில் எப்படி முன்னேறுகிறார் என்ற கேள்விக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் விடை ‘உழைப்பு’. உழைப்பில் அந்தத் தலைமுறை யாருக்கும் குறைந்ததில்லை. முன்னேற்றத்தைத் தீர்மானித்தவை வேறு மூன்று: ரெசிடென்ஸ் பர்மிட்டில் விழுந்த முத்திரை, பத்து வயதில் பள்ளிக்கூடம் எழுதிய ஒரு சீட்டு, கடைசியாக பாஸ்போர்ட். இந்த மூன்று வாசலிலும் துருக்கியத் தொழிலாளர்கள் நின்ற கதைதான் இது.

பதினோராம் நடைமேடை

இரண்டாம் உலகப் போரில் நொறுங்கிய மேற்கு ஜெர்மனி, பத்தே ஆண்டுகளில் ஆள் பற்றாமல் திண்டாடியது. 1955-ல் இத்தாலியோடு ஆள் எடுக்கும் ஒப்பந்தம் போட்டது. 1960-ல் ஸ்பெயின், கிரீஸ். 1961 ஆகஸ்டில் பெர்லின் சுவர் எழுந்ததும், கிழக்கிலிருந்து வந்துகொண்டிருந்த தொழிலாளர் வரத்து ஒரே இரவில் நின்றது. அதே ஆண்டு அக்டோபர் 30-ல் துருக்கியோடு ஒப்பந்தம்.

இஸ்தான்புல்லில் ஜெர்மானியர்கள் ஓர் அலுவலகம் திறந்தார்கள். வரிசையாக நிற்கவைத்து உடைகளைக் களையச் சொல்லி மருத்துவர்கள் சோதித்தார்கள்: பல், கண், சிறுநீர், நுரையீரல். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல இருந்தது என்று அந்தத் தலைமுறையில் பலர் பிற்பாடு சொன்னார்கள். தேறியவர்களை ரயிலில் ஏற்றினார்கள். ஏறக்குறைய மூன்று நாள் பயணம். மியூனிக் நிலையத்தின் பதினோராம் நடைமேடையில் இறக்கி, நடைமேடைக்கு அடியில் போர்க்காலத்தில் கட்டிய பதுங்கு அறைக்குள் கொண்டுபோனார்கள். சூடாகச் சாப்பாடு. பிறகு பெயர் பெயராகக் கூப்பிட்டு, இன்னார் இந்த ஃபேக்டரிக்கு என்று பிரித்து அனுப்பினார்கள்.

இவர்களுக்கு ஜெர்மானியர்கள் வைத்த பெயர் ‘காஸ்ட்அர்பைட்டர்’. காஸ்ட் என்றால் விருந்தாளி, அர்பைட்டர் என்றால் தொழிலாளி. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம் பழமொழி. ஜெர்மனி வைத்த கெடு இரண்டு ஆண்டு. இரண்டு ஆண்டு முடிந்தால் இவர் போய் அடுத்தவர் வர வேண்டும் என்று துருக்கி ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. முதலில் முணுமுணுத்தது முதலாளிகள்தான். வேலை பழக்கி, கை பழகியதும் அனுப்பிவிட்டு, மறுபடி புது ஆளுக்குப் பழக்குவதா? 1964-ல் அந்தக் கெடு நீங்கியது. தொழிலாளி தங்கலாம் என்று ஆனது. தங்குகிறவனுக்கு வீடு, மொழி, பள்ளிக்கூடம் எல்லாம் வேண்டுமே என்று யாரும் யோசிக்கவில்லை.

தொழிலாளியும் யோசிக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஒரு வருஷம், ஒரு டிராக்டர் வாங்கப் பணம். இன்னொரு வருஷம், ஊரில் ஒரு வீடு. அதற்குமேல் ஏன் இருக்கப்போகிறோம் என்றுதான் அவரும் நினைத்தார். தொழிலாளர் விடுதியில் ஓர் அறையில் நாலு பேர், ஆறு பேர், அடுக்குக் கட்டில். பெட்டி கட்டிலுக்கு அடியிலேயே இருக்கும். ஜெர்மன் மொழி கற்க மாலை வகுப்புக்குப் போகும் நேரத்தில் ஓவர்டைம் பார்த்தால் நாலு காசு மிஞ்சும். துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் ஆள் அனுப்பிய நம் ஊர்க் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கை விளக்கவேண்டியதில்லை. ஊர் திரும்பினால் துருக்கியில் அவருக்கு ‘அல்மான்ஜி’ என்று பெயர், ஜெர்மனிக்காரன் என்ற கேலி. ஜெர்மனியில் அவர் ‘அயல்நாட்டான்’.

1955 முதல் 1973 வரை சுமார் 1 கோடியே 40 லட்சம் பேர் இப்படி ஜெர்மனிக்கு வந்தார்கள். சுமார் 1 கோடியே 10 லட்சம் பேர் திரும்பிப் போனார்கள். தங்கியவர்களில் பெருங்கூட்டம் துருக்கியர்.

ஒரே மாதம், இரண்டு வேலைநிறுத்தம்

1973 ஆகஸ்ட். கொலோன் ஃபோர்டு கார் தொழிற்சாலையில் லைனில் நின்றவர்களில் பெரும்பகுதி துருக்கியர். அன்று வருடாந்தர விடுப்பில் ஊருக்குப் போவதென்றால் காரில் ஆஸ்திரியா, யூகோஸ்லாவியா, பல்கேரியா தாண்டி அனடோலியா வரை 3,000 கிலோமீட்டருக்கு மேல். நாலு வார விடுப்பில் ஒரு வாரம் சாலையிலேயே போய்விடும். அந்த ஆண்டு தாமதமாகத் திரும்பிய சுமார் 300 துருக்கியரை நிர்வாகம் வேலையைவிட்டு நீக்கியது. அவர்கள் விட்ட வேலையும் மிச்சமிருந்தவர்கள் தலையில் விழுந்தது. ஆத்திரம் பொங்கி, துருக்கியர்கள் வேலையை நிறுத்தினார்கள். லைனின் வேகத்தைக் குறை, மணிக்கு ஒரு மார்க் கூட்டிக்கொடு, நீக்கியவர்களைத் திரும்ப எடு. பெரும்பாலான ஜெர்மானியத் தொழிலாளர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள், தொழிற்சங்கமும் கைகொடுக்கவில்லை. பத்திரிகைகள் ‘துருக்கியர் ஸ்டிரைக்’ என்று தலைப்புப் போட்டன. ஒரு வாரத்தில் போலீஸ் துணையோடு அடித்து நொறுக்கினார்கள்.

அதே மாதம், பக்கத்தில் நொய்ஸ் நகரம். பியர்புர்க் என்ற கார்புரேட்டர் தொழிற்சாலை. அங்கே உழைத்தவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுப் பெண்கள்: துருக்கி, யூகோஸ்லாவியா, கிரீஸ், ஸ்பெயின், இத்தாலி. ‘இலகு கூலிப் பிரிவு 2’ என்று ஒரு பிரிவு அவர்களுக்காகவே இருந்தது. பெயர்தான் இலகு, வேலை அல்ல. அந்தப் பிரிவையே எடு என்று வேலையை நிறுத்தினார்கள். சில நாள் கழித்து ஜெர்மானியத் திறன் தொழிலாளர்களும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு இந்தப் பெண்களோடு வந்து நின்றார்கள். பிரிவு ஒழிந்தது, கூலி ஏறியது.

ஒரே மாதம், ஒரே மாநிலம், இரண்டு ஸ்டிரைக். ஒன்று தோற்றது, ஒன்று வென்றது. உள்ளூர்க்காரன் பக்கத்தில் வந்து நின்றானா என்பதுதான் பெரிய வித்தியாசம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னாலும் வரும்.

அந்த நவம்பர் 23-ல், எண்ணெய் நெருக்கடியின் நடுவே, ஜெர்மனி ஆள் எடுப்பதை நிறுத்தியது. எண்ணிக்கை குறையும் என்று எதிர்பார்த்தார்கள். தொழிலாளி வேறு கணக்குப் போட்டார்: இப்போது ஊருக்குப் போனால் திரும்பி வர முடியாது. அப்படியானால் மனைவி, பிள்ளைகளை இங்கே கூட்டிக்கொள்வோம். கதவைச் சாத்தியதால்தான் விருந்தாளி குடித்தனக்காரர் ஆனார்.

1983-ல் அரசு இன்னொரு வழி பார்த்தது. வேலை போனவர்கள் ஊருக்குத் திரும்பினால் கையில் 10,500 மார்க், பிள்ளைக்குத் தலா 1,500 மார்க். வாங்கிக்கொண்டு போனவர்களும் உண்டு. பெரும்பாலோர் போகவில்லை. பிள்ளைகள் ஜெர்மன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார்கள்.

பினாமியும் மாஸ்டரும்

எழுபதுகளின் நடுவிலிருந்து இரும்பாலை, சுரங்கம், துணி ஆலை எல்லாம் ஆள் குறைத்தன. முதலில் போனது விருந்தாளியின் வேலை. சொந்தமாகக் கடை வைக்கலாமே என்றால், ரெசிடென்ஸ் பர்மிட்டில் ஒரு முத்திரை: சொந்தத் தொழில் செய்ய அனுமதி இல்லை. கூலிக்கு வந்தவன் கூலியாகவே இருக்கவேண்டும் என்பது அதன் பொருள். பல ஆண்டு தங்கி நிரந்தர உரிமை வாங்கினால்தான் அந்த முத்திரை போகும். அதுவரை பொறுக்க முடியாதவர்கள் தெரிந்த ஜெர்மானியர் பெயரில் கடையைத் திறந்தார்கள். நம் பாஷையில் பினாமி.

முத்திரை போனாலும் அடுத்த தடை காத்திருந்தது. நம் ஊரில் தையல் கடையில் அளவெடுப்பவர் யாரானாலும் மாஸ்டர்தான். ஜெர்மனியில் மாஸ்டர் என்று போர்டு மாட்ட அரசு அங்கீகரித்த சான்றிதழ் வேண்டும். பயிற்சி, தேர்வு, எல்லாம் ஜெர்மனில். அது இல்லாமல் புதுத் துணி தைத்துக் கொடுக்கும் கடை வைக்கக்கூடாது, 2004 வரை இதுதான் சட்டம். கிழிந்ததைத் தைக்கலாம், நீளத்தைக் குறைக்கலாம், ஜிப் மாற்றலாம். ஜெர்மன் நகரங்களில் தெருவுக்குத் தெரு துருக்கியர் நடத்தும் ‘துணி திருத்தும்’ கடைகள் முளைத்த ரகசியம் இது. ஊரில் கல்யாணக் கோட்டு தைத்த கைகள் இங்கே பேன்ட் மடிப்பு அடித்தன.

காய்கறிக் கடைக்கு மாஸ்டர் சான்றிதழ் வேண்டாம். கபாப் கடைக்கும் வேண்டாம். ரொட்டிக்குள் இறைச்சியை வைத்துக் கையில் கொடுக்கும் டோனர் கபாபை 1972-ல் பெர்லினில் காதிர் நூர்மன் என்பவர் தொடங்கினார் என்று சொல்வார்கள், வேறு சிலரும் உரிமை கொண்டாடுவதுண்டு. எப்படியானாலும் இன்று அது ஜெர்மனியின் தேசியச் சிற்றுண்டி மாதிரி. துருக்கியரின் வியாபாரத் திறமைக்கு அதை உதாரணமாகக் காட்டுவார்கள். திறமை உண்மைதான். மற்ற கதவெல்லாம் சாத்தியிருந்ததும் உண்மை.

இவர்கள் பட்ட பாட்டை ஊர் நம்பவேண்டும் என்றால் அதையும் ஒரு ஜெர்மானியர் சொல்லவேண்டியிருந்தது. குந்தர் வால்ராஃப் என்ற பத்திரிகையாளர் கறுப்பு லென்ஸும் மீசையும் வைத்து ‘அலி’ ஆனார். உருக்காலையில் முகக்கவசமின்றித் தூசு தின்று வேலை பார்த்தார். 1985-ல் வெளிவந்த அவருடைய புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. உண்மையான அலிகள் இருபது ஆண்டுகளாகச் சொன்னதுதான் அது.

பத்து வயதில் விழும் தீர்ப்பு

முதல் தலைமுறை ஏறாவிட்டால் போகிறது, பிள்ளைகள் ஏறிவிடுவார்கள் என்பது எல்லா நாட்டிலும் புலம்பெயர்ந்தவர்களின் நம்பிக்கை. ஜெர்மனியில் அந்த நம்பிக்கை முட்டிக்கொண்ட இடம் நாலாம் வகுப்பு.

அன்று பெரும்பாலான மாநிலங்களில் நாலாம் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளை மூன்றாகப் பிரிப்பார்கள். ஜிம்னாசியம் என்றால் உடற்பயிற்சிக் கூடம் என்று நினைக்கவேண்டாம். பல்கலைக்கழகம் வரை போகும் பள்ளி. ரியால்ஷூல என்பது நடுத்தரம், அலுவலக, தொழில்நுட்ப வேலைகளுக்கு. ஹாப்ட்ஷூல என்பது சீக்கிரம் முடித்துவிட்டுக் கைத்தொழிலுக்குப் போக. எதில் சேர்ப்பது என்று வகுப்பாசிரியர் ஒரு பரிந்துரைச் சீட்டு எழுதுவார். பிள்ளைக்குப் பத்து வயது. வீட்டில் துருக்கி மொழி, அப்பா நைட் ஷிஃப்ட், அம்மா ஆஃபீஸ் கூட்டும் வேலை. வீட்டுப்பாடத்தில் உதவ ஆள் இல்லை. பள்ளியோ மதியம் விட்டுவிடும், மீதிப் படிப்பு வீட்டுப் பொறுப்பு. மருத்துவர் வீட்டுப் பிள்ளையும் ஃபோர்டு தொழிலாளி வீட்டுப் பிள்ளையும் ஒரே தாளில் தேர்வு எழுதினார்கள், ஒரே வீட்டில் படிக்கவில்லை.

துருக்கியப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக ஹாப்ட்ஷூலவுக்குப் போனார்கள். சில மாநிலங்களில் இன்னும் ஒரு படி மேலே போய், எப்படியும் ஊருக்குத் திரும்பத்தானே போகிறார்கள் என்று துருக்கி மொழியிலேயே தனி வகுப்பு நடத்தினார்கள். அப்பாவுக்குக் கொடுத்த விருந்தாளிப் பட்டம் பிள்ளைக்கும் வாரிசு உரிமையாக வந்தது. இந்தப் பிள்ளைகள் இங்கேயே வாழப்போகிறார்கள், அப்படி எண்ணித் திட்டமிடுங்கள் என்று 1979-லேயே ஒருவர் எழுதிக் கொடுத்தார். அயல்நாட்டவர் நலனுக்காக அரசே நியமித்த முதல் ஆணையர் ஹைன்ஸ் கூன். அறிக்கையை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அந்தப் பரிந்துரைச் சீட்டு எத்தனை பெரிய பந்தயம் என்பதற்கு ஒரு கதை போதும். 1965-ல் துருக்கியின் இஸ்கந்தெருனில் பிறந்த ஒரு பையன் நாலு வயதில் கொலோனுக்கு வந்தான். அப்பா ஃபோர்டு தொழிற்சாலையில். ஆரம்பப் பள்ளி ஆசிரியர் அவனை ஹாப்ட்ஷூலவுக்குப் பரிந்துரைத்ததாகவும், பக்கத்து வீட்டு ஜெர்மானியர் ஒருவர் பள்ளிக்குப் போய்ப் பேசியதால்தான் பையன் ஜிம்னாசியத்தில் சேர்ந்ததாகவும் பத்திரிகைகள் எழுதியிருக்கின்றன. 1984-ல் பள்ளியிறுதித் தேர்வில் தேறினான். மருத்துவம் படித்தான். இன்னொரு மருத்துவரான ஓஸ்லெம் துரெசியை மணந்தான். துரெசியும் துருக்கியர்தான், ஆனால் அப்பா அறுவை சிகிச்சை நிபுணர். 2008-ல் மைன்ஸ் நகரில் இருவரும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம் பயோன்டெக். 2020 டிசம்பரில் உலகம் ஃபைசர் தடுப்பூசி என்று கையை நீட்டிப் போட்டுக்கொண்டது அவர்கள் உருவாக்கியதுதான். பையனின் பெயர் உகுர் சாஹின்.

இந்தக் கதையைச் சொல்லி, பார்த்தீர்களா, உழைத்தால் யாரும் ஏறலாம் என்று முடிப்பது எல்லோருக்கும் பிடிக்கும். எனக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்தான் கண்ணில் நிற்கிறார். அன்று அவருக்கு ஜலதோஷம் பிடித்திருந்தால்? அந்தத் தெருவில் வீடே கிடைக்காமல் துருக்கியர் மட்டும் வாழும் பகுதியில் சாஹின் குடும்பம் குடியிருந்திருந்தால்? பக்கத்து வீட்டுக்காரர் வாய்க்காத சாஹின்கள் எத்தனை பேர் ஹாப்ட்ஷூல முடித்துவிட்டு லாரி ஓட்டினார்கள் என்பதற்குக் கணக்கு கிடையாது.

2001 டிசம்பரில் பீசா என்ற சர்வதேசப் பள்ளித் தேர்வின் முதல் முடிவு வந்தபோது ஜெர்மனிக்கு முகத்தில் அறைந்தாற்போல ஆனது. பெற்றோரின் நிலை பிள்ளையின் மதிப்பெண்ணைத் தீர்மானிப்பதில் ஜெர்மனி முன்வரிசையில் இருந்தது. அதன்பிறகுதான் மழலைப் பருவத்திலேயே ஜெர்மன் சொல்லிக்கொடுப்பது, முழுநாள் பள்ளி, ஹாப்ட்ஷூலவைப் பல மாநிலங்களில் மற்ற பள்ளிகளோடு சேர்ப்பது என்று மாற்றங்கள் வந்தன. முதல் ரயில் வந்து நாற்பது ஆண்டுகள் கழித்து.

இதே வாசலில் நம்மவர்களும் நின்றிருக்கிறார்கள். 1983-க்குப் பிறகு ஈழத்திலிருந்து தஞ்சம் கேட்டு வந்தவர்கள் உணவகச் சமையலறைகளில் கோப்பை கழுவித் தொடங்கினார்கள். ரூர் நிலக்கரிப் பிரதேசத்தின் ஓரத்தில் ஹம் நகரில் 2002-ல் அவர்கள் எழுப்பிய காமாட்சி அம்மன் கோயில் இன்று தேரோடும் தலம். கோயில் கட்டும் அளவுக்கு ஏறியவர்களின் வீட்டிலும் பிள்ளையின் நாலாம் வகுப்புச் சீட்டு வந்த நாள் மறக்கமுடியாத நாள்தான்.

பூக்கடைக்காரரின் பணம்

காசு சேர்ந்தால் மரியாதை தானாக வரும் என்பார்கள். என்வர் ஷிம்ஷெக் என்பவர் எண்பதுகளின் நடுவில் ஜெர்மனிக்கு வந்தார். தொழிற்சாலையில் கூலிவேலை, வார இறுதியில் பூ விற்பனை. கொஞ்சம் கொஞ்சமாகப் பூவே தொழிலானது. நெதர்லாந்து ஏலச் சந்தைக்குப் போய்ப் பூ எடுத்து வந்து மொத்த வியாபாரம் செய்யும் அளவுக்கு வளர்ந்தார். 2000 செப்டம்பர் 9 அன்று நியூரம்பெர்க் சாலையோரத்தில், விடுப்பில் போன ஆளுக்குப் பதிலாகத் தானே கடையில் நின்றார். அங்கேயே சுடப்பட்டு, இரண்டு நாளில் இறந்தார். வயது 38.

போலீஸ் கேட்ட கேள்வி, இவ்வளவு பணம் இவருக்கு எங்கிருந்து வந்தது என்பது. நெதர்லாந்துக்கு அடிக்கடி போனாரே, போதைப்பொருளா? மனைவியையும் உறவினரையும் வருஷக்கணக்கில் துருவினார்கள். அடுத்த ஆறு ஆண்டுகளில் அதே துப்பாக்கிக்கு இன்னும் எட்டுக் குடியேறிகள் பலியானார்கள். கபாப் கொலைகள் என்று பத்திரிகைகள் பெயர் வைத்தன. 2011 நவம்பரில்தான் உண்மை தெரிந்தது: கொன்றது நவநாஜிக் கும்பல். செத்தவர்களின் கடைகளை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: பூக்கடை, துணி திருத்தும் கடை, காய்கறிக் கடை, கபாப் கடை, பெட்டிக்கடை, சாவிக்கடை, இன்டர்நெட் மையம். விருந்தாளிக்குத் திறந்துவிட்ட தொழில்களின் பட்டியல் அது. அந்தப் பட்டியலுக்குள்ளேயே ஏறியவரையும் ஜெர்மனி சந்தேகத்தோடுதான் பார்த்தது.

காசு ஏறுவது ஓர் ஏணி, மரியாதை ஏறுவது இன்னோர் ஏணி. முதல் ஏணி கடைத் தெருவில் இருக்கிறது. இரண்டாவது ஏணி சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.

அந்தச் சட்டம் 1913-ல் எழுதியது. ஜெர்மானியருக்குப் பிறந்தவரே ஜெர்மானியர். கொலோனில் பிறந்து, கொலோன் பாஷை பேசும் துருக்கியர் வீட்டுப் பிள்ளை சட்டப்படி அயலான். 2000 ஜனவரி 1-ல்தான், பெற்றோரில் ஒருவர் எட்டு ஆண்டு சட்டப்படி வாழ்ந்திருந்தால் இங்கே பிறக்கும் பிள்ளைக்குக் குடியுரிமை என்று மாறியது. அதிலும் ஒரு கொக்கி: 23 வயதுக்குள் இரண்டில் ஒரு பாஸ்போர்ட்டை விட்டுவிட வேண்டும். இங்கேயே வளர்ந்தவர்களுக்கு 2014-ல் அந்தக் கொக்கி கழன்றது.

இன்று துருக்கிய வேர் உள்ளவர்கள் ஜெர்மனியில் ஏறத்தாழ 30 லட்சம். விருந்தாளித் தொழிலாளியின் மகன் ஜெம் ஓஸ்டெமிர் 1994-ல் நாடாளுமன்றத்துக்குப் போய், 2021-ல் மத்திய விவசாய அமைச்சரானார். வழக்கறிஞர், மருத்துவர், சினிமா இயக்குநர், நீதிபதி என்று பட்டியல் வளர்ந்திருக்கிறது. பாதையை அடைத்த முத்திரையும் சீட்டும் சட்டமும் ஒவ்வொன்றாக விலக விலக ஏறினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் வாய்த்து ஒருவர் தேறினால் அது அதிர்ஷ்டம். பக்கத்து வீட்டுக்காரர் செய்ததைப் பள்ளியும் சட்டமும் செய்தால்தான் ஒரு தலைமுறை தேறும்.

கடைசியாக ஒரு செய்தி. 2024 ஜூன் 27 முதல் ஜெர்மனியில் இரட்டைக் குடியுரிமைக்குத் தடை இல்லை. 1974 ஜூன் 30 வரை வந்த விருந்தாளித் தொழிலாளர்களுக்கு அந்தச் சட்டம் ஒரு சலுகை தந்தது: எழுத்துத் தேர்வு வேண்டாம், அன்றாடத்துக்குப் பேசத் தெரிந்தால் போதும். மொழி கற்க அவர்களுக்கு நாம் வாய்ப்புத் தரவில்லை என்ற ஜெர்மனியின் ஒப்புதல் அதில் இருக்கிறது.

1961-ல் இருபது வயதில் ரயிலேறியவருக்கு, அந்தச் சட்டம் வந்த நாளில் வயது 83.